கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்: பினாங்கில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் நடக்கும் தமிழ் வாசகர் கூட்டங்களில் கிருஷ்ணம்மாளைப் பற்றிப் பேசி வருகிறேன். பேச்சு முடிந்ததும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் கேட்டவையும் இதில் உண்டு, ஐந்தாம் படிவப் பிள்ளைகள் கேட்டவையும் உண்டு.

யார் இந்த அம்மா?

1926ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் சர்வோதய இயக்கத்தில் சேர்ந்து, கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்தவர்: உழுகிறவர் கையில் நிலத்தைச் சேர்ப்பது. இருவரும் 1981இல் தொடங்கிய அமைப்பு லாஃப்டி, அதாவது உழுபவனின் நில உரிமை இயக்கம். அதன் வழியாகச் சுமார் 13,000 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், நிலம் போய்ச் சேர்ந்தது. அந்த நிலம் பெண்கள் பெயரில் பதிவானது. எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகப் படுவது அதுதான். கீழே அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் நடந்த கதை. பினாங்கில் இருக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது?

அதிகம் வரும் கேள்வி இது. சில சமயம் சலிப்போடும் வரும்.

அவர் வேலை செய்த இடம் நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரம். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் கப்பல் ஏறியது நாகப்பட்டினத்தில்தான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தைத் தொட்டுக்கொண்டு, பினாங்கு வந்து, பிறகு கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கப்பலில் வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஊரில் ஒரு காணி நிலம்கூட இல்லாத கூலிக் குடும்பத்தினர். மிராசுதார் வயலில் நட்டு, அறுத்து, நெல்லாகக் கூலி வாங்கி, குடிசை போட்டிருக்கும் மண்கூட அவர் தயவில் என்று வாழ்ந்தவர்கள். கங்காணி வந்து கூப்பிட்டதும் கிளம்பினார்கள்.

1938இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. நம்மவர்கள் ஒரு கரையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் அண்ணன் தம்பி, மச்சான், மாமா பிள்ளைகள் அந்தக் கரையில் அதே சேற்றில் நின்றார்கள். அங்கேயே இருந்துவிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? கிருஷ்ணம்மாளின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு பதில் இருக்கிறது. இதைச் சொன்னதும் சலிப்போடு கேட்டவர்களே நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

அவ்வளவு ஏழ்மையில் எப்படிப் படித்தார்?

அப்பா இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா நாகம்மாள் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் வயலில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அம்மா பட்ட பாட்டைப் பார்த்துத்தான் தனக்குள் எல்லாம் தொடங்கியது என்று கிருஷ்ணம்மாள் பல முறை சொல்லியிருக்கிறார். மதுரையில் படிக்க வழி செய்து கொடுத்தவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவர், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவியவர். அவருடைய ஆதரவில் கிருஷ்ணம்மாள் பட்டப்படிப்பு வரை போனார். அந்தக் காலத்தில், அந்தச் சாதியில், ஒரு பெண் அவ்வளவு தூரம் படித்தது சாதாரணக் காரியமல்ல. அந்தப் படிப்பைக் கொண்டு ஒரு நல்ல அரசாங்க வேலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் கிராமத்துக்குத் திரும்பினார்.

கணவர் ஜெகந்நாதன்?

ராமநாதபுரம் பக்கத்து வசதியான குடும்பத்தில் 1914இல் பிறந்தவர். 1930இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று உறுதியாக இருந்து, 1950இல் கிருஷ்ணம்மாளை மணந்தார். சாதியை மீறிய திருமணம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே, காந்தியின் சீடர் வினோபா பாவேயுடன் ஊர் ஊராக நடக்க வடக்கே போய்விட்டார். அம்மா சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். பிறகு இருவரும் தமிழ்நாட்டில் ஒன்றாக வேலையில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் காலமானார்.

பூதானம் என்றால் என்ன? அது வெற்றி பெற்றதா?

1951 ஏப்ரலில், தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமில்லாத மக்கள் வினோபாவிடம் எங்களுக்கு நிலம் வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். அங்கிருந்து வினோபா ஊர் ஊராக நடந்து, நிலம் வைத்திருப்பவர்களிடம் தானம் கேட்டார். தமிழ்நாட்டிலும் 1956இல் வந்து நடந்தார். 1958இல் பூதானத்துக்கென்று அங்கே தனிச் சட்டமே வந்தது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1950களிலும் 60களிலும் இந்த வேலையில்தான் இருந்தார்கள்.

வெற்றியா என்றால், பாதி என்றுகூடச் சொல்லத் தயங்குவேன். இந்தியா முழுக்க லட்சக்கணக்கான ஏக்கர் எழுதிக் கொடுக்கப்பட்டது உண்மை. அதில் நிறையக் கல்லும் முள்ளும், வழக்கில் கிடந்த நிலமும். கொடுத்தவரின் வாரிசு திரும்பக் கேட்ட இடங்களும் உண்டு. நிலம் கிடைத்தாலும் மாடு இல்லை, கிணறு இல்லை, விதைக்கக் காசில்லை. இதைப் பார்த்துத்தான் 1960களின் இறுதியில் பூதான நிலங்களைப் பண்படுத்த ஜெகந்நாதன் தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அசெஃபா என்று தமிழ்நாட்டில் இன்றும் அதைச் சொல்வார்கள். நிலத்தோடு தண்ணீரும் கடனும் சேர்ந்து வந்தால்தான் ஏழைக்கு நிலம் என்ற பாடம் அவர்களுக்கு இங்கேதான் கிடைத்தது. லாஃப்டியில் அது உதவியது.

கீழ்வெண்மணி என்ற பெயரை ஏன் எல்லோரும் அவருடன் சேர்த்துச் சொல்கிறார்கள்?

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே கீழ்வெண்மணி என்ற சிறு கிராமம். விவசாயக் கூலிகள் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, அறுவடைக் கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டார்கள். நிலக்கிழார்களுக்கும் அவர்களுக்கும் தகராறு முற்றியது. அன்று இரவு அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓடி ஒளிய இடமில்லாமல் ஒரு சின்னக் குடிசைக்குள் அடைந்தவர்களை வெளியே வரவிடாமல் தீ வைத்தார்கள். 44 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நிலக்கிழார்களைப் பின்னால் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

நம் வீட்டு வரவேற்பறை அளவுகூட இல்லாத ஒரு குடிசை. அதற்குள் 44 பேர். இந்த இடத்துக்கு வரும்போது கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை, எனக்கும் குரல் நிற்பதில்லை.

செய்தி தெரிந்ததும் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மதுரைப் பக்கத்து வேலையை விட்டுவிட்டுக் கிழக்குத் தஞ்சைக்கு வந்தார்கள். வந்து பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே தங்கினார்கள். கூத்தூரில் அமைந்த ஆசிரமம் அவர்களுக்கு வீடாயிற்று. கூலி கூடக் கேட்டதற்கே உயிர் போகிறது என்றால் கூலிக்காரராக இருக்கும் நிலைமையையே மாற்ற வேண்டும் என்று கிருஷ்ணம்மாள் நினைத்தார். அதற்குப் பிந்திய அவருடைய வேலை எல்லாம் இந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

லாஃப்டி நிலத்தை எப்படி வாங்கியது? அரசாங்கம் பறித்துக் கொடுத்ததா?

பறிக்கச் சட்டம் இருந்தது. 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15ஆகக் குறைந்தது. ஆனால் நாய்க்குட்டி பெயர் தவிர மற்ற எல்லாப் பெயரிலும் நிலத்தை எழுதி வைத்தார்கள் என்று அந்த வட்டாரத்தில் சொல்லும்படி, பினாமி பெயர், அறக்கட்டளைப் பெயர் என்று நிலம் ஒளிந்துகொண்டது. ஒளித்த நிலத்துக்காக உண்ணாவிரதம், சத்தியாகிரகம் எல்லாம் நடத்திப் பார்த்தார்கள். சில இடங்களில் கிடைத்தது. ஆனால் ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் இழுத்தது.

அப்புறம் அவர் இன்னொரு வழியைப் பிடித்தார். நிலக்கிழார்களின் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். விவசாயத்தை விட்டு ஒதுங்க நினைத்த குடும்பங்கள் நிறைய இருந்தன. அவர்களிடம் நேரில் போய், நியாயமான விலை சொல்லுங்கள், அந்த வயலில் உழைக்கிற மக்களே வாங்கிக்கொள்வார்கள் என்று பேசினார். வாங்கப் பணம் வேண்டுமே, அதற்கு வங்கிக் கதவைத் தட்டினார். தனித்தனியாகப் போனால் கூலிக்காரப் பெண்ணுக்கு எந்த வங்கி கடன் தரும்? ஊரே குழுவாகச் சேர்ந்து பொறுப்பேற்றது, அறுவடையிலிருந்து தவணை கட்டியது. பத்திரப் பதிவுக்கான முத்திரைத் தீர்வை ஏழைகளால் தாங்க முடியாத செலவு. அதைத் தள்ளுபடி செய்யும்படி அரசாங்கத்திடம் போய்ப் பேசினார். பின்னால் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வாங்க உதவும் அரசுத் திட்டங்களும் சேர்ந்துகொண்டன.

எழுதும்போது இது ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு ஏக்கருக்கும் பின்னால் நிலக்கிழார் வீட்டுத் திண்ணை, வங்கி மேலாளர் அறை, தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம் என்று நடந்த நடை இருக்கிறது. பிறப்பால் எந்தத் திண்ணையில் ஏறவே கூடாது என்று தடுக்கப்பட்டாரோ, அதே திண்ணையில் உட்கார்ந்து விலை பேசினார் அந்த அம்மா. இரவில் விளக்கேற்றி வள்ளலார் பாடல்களைப் பாடிவிட்டு, காலையில் மறுபடி கிளம்புவார்.

ஏன் பெண்கள் பெயரில்?

ஆண் பெயரில் இருந்தால் ஒரு கல்யாணச் செலவுக்கோ குடிக்கோ அடகுக்குப் போய்விடும் என்பது நடைமுறைக் காரணம். தோட்டத்தில் சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் கணவருக்காகக் காத்து நின்ற அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறு. நடவும் களையெடுப்பும் அறுவடையும் பெண்கள் வேலை. அந்த வயலில் அதிகம் குனிந்த முதுகு அவர்களுடையது. ஆனால் பட்டாவில் அவர்கள் பெயர் எப்போதும் இருந்ததில்லை. கிருஷ்ணம்மாள் அந்தப் பெயரை எழுத வைத்தார். பட்டாவில் பெயர் இருக்கிற பெண்ணைக் கணவன் வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்ல முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஓரமாக நிற்கச் சொல்லவும் முடியாது.

நம் குடும்பங்களில் இன்றைக்கும் வீட்டுக் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்று கூட்டங்களில் சொல்வேன். பலருக்குத் தெரியாது. அம்மா இத்தனை வருஷம் சேர்த்த சீட்டுப் பணமும் ஈ.பி.எஃப். பணமும் அந்த வீட்டில் இருக்கும், பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது.

ஓர் ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா?

ஓர் ஏக்கரை வைத்துப் பணக்காரராக முடியாது. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வந்தால் வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சாப்பாட்டு நெல் தேறும், கொஞ்சம் விற்கவும் செய்யலாம். பசிக்குப் பயந்து யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அறுவடை இல்லாத மாதங்களுக்குப் பாய் பின்னுதல், தையல், தச்சு, செங்கல் சூளை என்று லாஃப்டி கைத்தொழில்களை ஏற்பாடு செய்தது. பிள்ளைகள் படிக்க விடுதி நடத்தியது. மண் குடிசைகளை எடுத்துவிட்டுக் கல்வீடு கட்டும் வேலையை அம்மா தொண்ணூறு வயதுக்கு மேலும் விடவில்லை.

இறால் பண்ணைகளை எதிர்த்தாராமே? வேலைவாய்ப்பு தரும் தொழில்தானே அது?

1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினக் கடலோரத்தில் வெளியூர் நிறுவனங்கள் நெல் வயல்களை வாங்கி இறால் குளங்கள் வெட்டத் தொடங்கின. நிபோங் திபால் பக்கம் இறால் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். கடல்நீரைப் பம்பு வைத்து ஏற்றிக் குளத்தில் நிறுத்துவார்கள். உப்பு மெல்லப் பக்கத்து மண்ணில் கசியும். கொஞ்ச நாளில் அடுத்த வயலில் நாற்று கருகும், கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போகும். தீவனக் கழிவும் மருந்தும் கலந்த தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுவார்கள், மீன் சாகும். நூறு பேர் நடவு செய்த நிலத்தில் இரண்டு மூன்று காவலாளிக்கு மட்டும் வேலை இருக்கும்.

எத்தனையோ வருடம் அலைந்து வாங்கிக் கொடுத்த வயல்களுக்குப் பக்கத்திலேயே இது நடந்தது. ஜெகந்நாதனுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள், மறியல் செய்தார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது: கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இறாலில் வந்த வருமானத்தைவிட அது செய்த சேதம் அதிகம் என்ற, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் ஆய்வு அந்த வழக்கில் முக்கியமாக இருந்தது.

தீர்ப்பு நடைமுறைக்கு வந்ததா?

முழுதாக வரவில்லை. மறு ஆய்வு மனுக்கள் போயின. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று ஓர் ஆணையச் சட்டம் கொண்டு வந்து, பதிவு செய்த பண்ணைகள் தொடர வழி செய்துவிட்டது. ஆனாலும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. வழக்கின் தலைப்பில் எஸ். ஜெகந்நாத் என்று அவர் பெயர் நிற்கிறது.

துன் சம்பந்தன் செய்ததும் இதுவும் ஒன்றா?

இதைக் கேட்டவர் ஒரு பழைய தோட்டத் தொழிற்சங்கக்காரர். நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். வேலையும் லயமும் ஒரே நாளில் போய் நம்மவர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை.

உழைக்கிறவரே காசு போட்டு, உழைக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரராவது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு பத்திரத்தில் இருக்கிறது. இங்கே நிலம் சங்கத்தின் பெயரில், தொழிலாளி கையில் பங்கு. அங்கே நிலமே அந்தப் பெண்ணின் பெயரில். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் கெட்டுவிடும் என்பதால் கூட்டுறவு இங்கே பொருத்தம்தான். ஆனால் குடியிருக்கும் இடத்துக்காவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தப் பத்திரம் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 2009இல் குளுகோரின் கம்போங் புவா பாலாவில் என்ன நடந்தது? தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த ஊர். வழக்கு கடைசி நீதிமன்றம் வரை போய்த் தோற்றது, வீடுகள் இடிக்கப்பட்டன. பலருக்குப் பின்னால் மாற்று வீடு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. நீதிமன்றம் எத்தனை வருஷம் இருந்தாய் என்று கேட்பதில்லை, யார் பெயரில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது.

அடித்துப் பிடுங்கியவனிடமே காசு கொடுத்து நிலத்தை வாங்குவது நியாயமா?

இடதுசாரித் தோழர்களும் அம்பேத்கரியத் தோழர்களும் வைக்கும் விமர்சனம் இது. அதில் நியாயம் இருக்கிறது. பல தலைமுறை உழைப்பைச் சுரண்டியவருக்கு மேலும் விலை கொடுப்பது வலிக்கும் காரியம். காந்திய வழி மனமாற்றத்தை அளவுக்கு மேல் நம்புகிறது என்றும் சொல்கிறார்கள். கீழ்வெண்மணி மக்களைத் தலைநிமிரச் செய்தது செங்கொடிச் சங்கம்தான், அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

ஆனால் கிருஷ்ணம்மாள் மேடையிலிருந்து தத்துவம் பேசியவர் அல்லர். அப்படிப்பட்ட நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். சட்டமும் நீதிமன்றமும் கைவிட்ட ஊரில், காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த வருஷம் நடவுக்கு முன்னால் நிலம் வேண்டும் என்று அவசரப்பட்டவர். அந்த அவசரத்தோடு நான் நிற்கிறேன்.

என்னென்ன விருதுகள்?

1989இல் பத்மஸ்ரீ. 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, கணவரோடு சேர்த்து. 2020இல் 93ஆம் வயதில் பத்மபூஷண் அறிவிப்பு. பினாங்கிலிருந்து செயல்படும் சஹாபாட் அலாம் மலேசியா அமைப்பும் சரவாக் காடுகளுக்காகப் போராடியதற்காக 1988இல் அதே ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றது. இதை நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அந்த இடங்களைப் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்துக்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன, ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிற நம்மவர்கள் எத்தனையோ பேர், கீழ்வெண்மணி அதே வட்டாரத்தில் கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாமலே திரும்பி வருகிறார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. டிசம்பர் 25 அன்று பெருங்கூட்டம் வரும். அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாளில் போங்கள். டிசம்பர் மழைக்காலமும்கூட. ஜனவரி கடைசியில் போனால் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். வயலில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவிலிருந்து வருகிறோம் என்று சொன்னால், எந்த ஊர்க்காரங்க நீங்க, உங்க தாத்தா பேரு என்ன என்று அவர்களே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தாத்தாவின் ஊர்ப் பெயரைக் கிளம்பும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.